கேசிகாவின் மதத்துக்கு அத்தாட்சி

கேசிகா மலேசியாவுக்குப் புறப்பட்ட அன்று, இத்தாலியின் பலேர்மோவில் ஊர்க் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் திருவிழா. வாகனங்களை மறித்திருந்ததால், அல்பெர்கேரியாச் சந்துகளில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போனார்கள். முன்னால் உமாசுதன், நடுவில் அவன் கட்டப்போகிற கேசிகா, பின்னால் அவனுடைய அக்கா குகனேஸ்வரி, ஒரு தடித்த பட அல்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி.

"ரெண்டு கிழமையிலை வந்திடவேணும்," என்றான் உமாசுதன்.

"வந்துருவேன்லா."

"அந்த 'லா'வை மட்டும் அங்கை விட்டிட்டு வா."

"அப்புறம் எத வச்சு என்னைக் கேலி பண்ணுவீங்க?"

கேசிகா மலேசியத் தமிழ்ப்பெண். துறைமுகத்துக்கு வந்துபோகும் உல்லாசக் கப்பலொன்றில் அறை துப்புரவாக்கும் வேலை. பல்லரோச் சந்தையில் மரக்கறி விற்கும் உமாசுதனிடம் கறிவேப்பிலை தேடி வந்தவள், கப்பல் ஒப்பந்தம் முடிந்ததும் குகனேஸ்வரி வீட்டில் வந்து நின்றாள். கல்யாணத்தைப் பதிய அவள் நாட்டுக் கடதாசியொன்று தேவைப்பட்டது. அதற்காக அடையாள அட்டையை மேசையில் வைத்தபோதுதான் குகனேஸ்வரி அந்தச் சொல்லைக் கண்டாள்: இஸ்லாம்.

"என்னடி பிள்ளை இது? நீ வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறனியெல்லே?"

"அப்பா செஞ்சதுக்கா. எனக்கு அஞ்சு வயசு. மதம் மாறி வேற கல்யாணம் பண்ணாரு, என்னையும் சேர்த்து மாத்திட்டாரு. அம்மாகிட்ட எதுக்குன்னு சொல்லாமலே கைநாட்டு வாங்கிட்டாரு. அப்புறம் எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மாதான் கோயில் குளம்னு வளத்தாங்க."

"அப்ப அழிச்சு எழுதிறதுதானே? தம்பி உமாவின்ரை பெர்மெசோ விசா அட்டையிலை பிறந்த திகதி பிழைச்சு, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை போய்த் திருத்தினனாங்கள்."

"கோர்ட்டுக்குப் போகணும்க்கா. அந்த அட்டை இருக்கிற வரைக்கும் அங்க சட்டப்படி நான் முஸ்லிம், உமாவக் கட்ட முடியாது, அந்தப் பேப்பரும் குடுக்க மாட்டாங்க."

குகனேஸ்வரி அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் கும்பிடுகிற சாமி எதுவென்று சொல்ல ஒரு மனிசிக்குக் கோடும் நீதவானும் வேணுமோ?

ஆனால் கோடு கச்சேரி அவளுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காலத்தில், அவள் வாயால் சொன்ன எதையும் நம்பாத அகதி விசாரணை அதிகாரி, எரிந்த அவள் வீட்டின் படத்தைக் கண்டதும் பேனையை எடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வயதான இத்தாலியச் சின்யோராக்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்துத் தம்பியையும் இங்கே எடுத்துவிட்டாள். படமில்லாத பேச்சு எடுபடாது என்பதை மட்டும் மறக்கவில்லை. ஆகவே அல்பத்தை அவளே அடுக்கினாள். கேசிகா தேர் இழுக்கிற படம், விளக்கேற்றுகிற படம், ஐயரின் கடிதம். எல்லாவற்றிலும் வடிவான படத்தை முதற்பக்கத்தில் ஒட்டினாள்: பெல்லெக்ரினோ மலையில் வெறுங்காலோடு ஏறி, ரோசாலியாவின் குகைக் கோயிலில் கேசிகா கண்மூடிக் கைகூப்பி நிற்பது. பலேர்மோவின் தமிழ்ச் சைவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலை ஏறுகிறவர்கள். அதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

அங்கே போட்ட வழக்கு விசாரணைக்கு வர மாதங்கள் ஆயின. விசாரணை நாளன்று கேசிகாவின் அழைப்பு வந்தபோது குகனேஸ்வரி சின்யோராவுக்குச் சூப் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எதிர்ப்பக்க அரசு வக்கீல் மொதப் பக்கத்தத் தொறந்தாருக்கா. இது யார்னாரு."

"சொன்னனிதானே?"

"சொன்னேன். கிறிஸ்தவப் புனிதையான்னாரு. ஆமான்னேன். அப்ப உனக்கே உன் மதம் எதுன்னு தெரியலையேன்னாரு."

கரண்டி அடுப்பில் விழுந்தது. "நாங்கள் எல்லாரும்தானேயடி போறனாங்கள்! அவவைக் கும்பிட்டா சைவம் இல்லாமல் போயிடுமோ?"

"அது நமக்குத் தெரியும். என் வக்கீலும் முஸ்லிம்தான்க்கா. முக்காடு போட்டுக்கிட்டு எனக்காக என்னா சண்ட போட்டாங்க தெரியுமா! அரசியல் சட்டத்துல பதினோராம் பிரிவு எல்லாருக்கும் மதச் சுதந்திரம் குடுத்திருக்கு, இவளுக்கு மட்டும் இல்லையான்னு கேட்டாங்க. நீதிபதி, இது எங்க வேல இல்ல, ஷரியா கோர்ட்டுக்குப் போன்னுட்டாரு. அங்க போனா மொதல்ல புத்திமதி வகுப்பாம். மனசு மாறுதான்னு பாப்பாங்களாம்."

"அவளுக்கு மாற என்ன கிடக்கு?" என்று குகனேஸ்வரி பின்னேரம் முழுக்க உமாசுதனிடம் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவன் தக்காளிப் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தி ஒன்றுதான் கேட்டான்: "அந்தப் படத்தை ஏன் அக்கா முதற்பக்கத்திலை வைச்சனி?"

படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீர்ப்பு இதுதான் என்று கேசிகாவின் வக்கீல் பிறகு சொல்லியனுப்பினாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்த குகனேஸ்வரி, யாரோ பார்ப்பது போலத் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அன்று மேலே ஏறவில்லை.

கேசிகா வகுப்புக்குப் போகவில்லை, மேல்முறையீடு செய்தாள். தவணை தள்ளித் தள்ளிப் போயிற்று. உமாசுதனுக்கு வேறு பெண் பார்க்கலாமே என்று சொன்னவர்களோடு குகனேஸ்வரி கதை பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது வருடம், மாசி மாதக் காலையொன்றில், செய்தி வந்தது:

"அக்கா, அப்பீலும் தள்ளுபடி. மூணு பேர்ல ஒரு நீதிபதி மட்டும் நான் எப்பவுமே இந்துதான்னு எழுதியிருக்காரு. வக்கீல் இன்னும் மேல போகலாங்கிறாங்க. போறேன். உமாவ இன்னமும் காத்திருங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. காத்திருக்கிறதா வேணாமான்னு அவர்கிட்ட நீங்களே பேசுங்க."