வைத்தவர்: வசந்தா

வசந்தா ஆன்ட்டி இறந்துவிட்டார் என்று பத்மா ஆன்ட்டி சொன்னபோது நான் நம்பவில்லை. பத்மா ஆன்ட்டி ஜலதோஷத்தை நிமோனியா என்று சொல்கிறவர். சுகர் லேண்டில் அவர் நடத்தும் குழந்தைகள் டேகேரில் நான் வேலை செய்கிறேன், அதனால் எனக்குத் தெரியும்.

"யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"டெம்பிள்ல எல்லாரும் பேசிக்கறாங்கடி."

கோயிலில் எல்லாரும் பேசிக்கொள்வதில் பாதி பொய் என்பது வசந்தா ஆன்ட்டியின் கட்சி. அதனால் பேர்லேண்டில் இருக்கும் அவர் வீட்டுக்கே போன் செய்தேன். ஆன்ட்டிதான் பேசினார், ஆன்சரிங் மெஷினில். "யார் பேசறீங்க, எதுக்குப் பேசறீங்க, தெளிவா சொல்லுங்க. சொல்லலேன்னா திரும்பக் கூப்பிட மாட்டேன்."

எதற்குப் பேசுகிறேன் என்று எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை அவர் கணவர் நடராஜன் அங்கிள் எடுத்தார்.

"ஆமாம்மா சுதா. காலைல காபிக்குப் பாலை எடுத்தா. ஸ்மெல் வருதுன்னா. நான் நல்லாத்தானே இருக்குன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்படியே சாஞ்சுட்டா."

மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் அங்கிள் அந்தப் பாலை ஊற்றிப் பார்த்தாராம். கெட்டுத்தான் போயிருந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் ஈரோடு. ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். ரத்தப் பையில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாமல் மறுபடி சோதிப்பதுதான் வேலை. "ஒரு லேபிள் மாறினா ஒரு ஆள் போயிடுவான். அப்புறம் சாரி சொல்லி என்ன பிரயோஜனம்?" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், சந்தேகத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. அதை அப்படியே கொண்டுவந்து வீட்டுப் பக்கவாட்டில் நின்ற, கட்டிலும் அடுப்பும் உள்ள மோட்டார்ஹோம் மேல் வைத்தார்.

அந்த வண்டியைத் தெரியாதவர்கள் நம் தமிழ்ச் சங்கத்தில் குறைவு. பாதிப் பேர் அதில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறீர்கள். டீசல் வண்டி, இன்ஜின் பின்பக்கம், முப்பத்திரண்டு அடி நீளம். மார்ச்சில் ஸ்ப்ரிங் பிரேக் விடுமுறைக்கு ஒரு பயணம், கோடையில் ஒன்று, நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒன்று. மீதி நாளெல்லாம் அது சும்மா நிற்கும். சும்மா நிற்கும் வண்டிதான் ஆபத்து என்பது ஆன்ட்டியின் கணக்கு. "ஓடற வண்டி என்ன பண்ணுதுன்னு தெரியும். நிக்கற வண்டி உள்ள என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் அவரை முதலில் பார்த்தது இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளி நிகழ்ச்சி நடந்த பள்ளியின் பார்க்கிங்கில். டேகேர் வேனை இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் சொருகிவிட்டு இறங்கினேன். பட்டுப்புடவையும் டென்னிஸ் ஷூவுமாக ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா ஓட்டின?"

"ஆமா."

"வெளிய எடுத்துட்டு இன்னொரு தரம் போடு."

"எதுக்கு ஆன்ட்டி?"

"முதல் தரம் லக்கா இருக்கலாம்."

கோபத்தில் மறுபடி போட்டுக் காட்டினேன். டயருக்கும் கோட்டுக்கும் நடுவே குனிந்து பார்த்துவிட்டு, அங்கிளுக்குக் கண்ணில் புரை, பெரிய வண்டியை ஓட்ட முடியவில்லை, தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்து ஓட்டுவாயா என்று கேட்டார். கூடவே இன்னொன்றும் கேட்டார்.

"காலேஜ ஏன் விட்ட?"

அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் என் அம்மாவிடம் "சுதா பிரேக் எடுத்திருக்காளா?" என்று பல்லியைப் பார்ப்பதுபோல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள்.

"போரடிச்சுது."

"அது காரணம் இல்ல. ஃபெயிலா?"

"ரெண்டு பேப்பர்."

"சரி," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அவரிடம் நான் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டேன் என்று துக்க வீட்டில் யாரோ சொன்னார்கள். அது பொய். ஆன்ட்டி டார்ச்சைக்கூட என்னிடம் கொடுக்க மாட்டார். பிடித்த இடத்திலேயே நான் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று என்ன நிச்சயம்? நான் ஓட்டுவேன். ஓட்டாத மாதங்களில் வண்டி அவருடையது. டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து, காலி ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடிப்பார். ஒரு நாள் அசையாமல் வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தங்கிவிடும். எந்த ஊரில் நிரப்பியது, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி கராஜ் அலமாரியில் அடுக்குவார். ஒவ்வொரு முறை நிரப்பியதற்கும் ஒரு பாட்டில். அங்கிள் ஒரு முறை அதில் ஒன்றை ஆவக்காய் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்.

அந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு பிக் பெண்ட் மலைகளுக்குப் போனோம். திரும்பும்போது, வீட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், ஆன்ட்டி பின்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் டாங்க் நிரம்பியிருக்க வேண்டும், காலி இடம் இருந்தால் ஈரம் படியும் என்று அவரே சொல்லியிருந்தார். எழுப்புவானேன் என்று நானே ஒரு பங்க்கில் நிரப்பினேன். பச்சைக் கைப்பிடி, டீசல்தான். ஆனால் அதற்குப் பாட்டில் இல்லை. அலமாரியில் லேபிள் இல்லாத ஒரே நிரப்பல் அதுதான்.

மார்ச்சில் ஸ்ப்ரிங் பிரேக்குக்குக் கிளம்பினோம். அங்கிள், ஆன்ட்டி, சான் அன்டோனியோ பார்க்க ஆசைப்பட்ட ஒரு குடும்பம், அவர்களின் இரண்டு பிள்ளைகள். தெருவில் ஒழுங்காகத்தான் உருண்டது. ஃப்ரீவேயில் ஏற ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முக்குகிறது. நாற்பதைத் தாண்டவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை, அடுப்பில் டயரைப் போட்டதுபோல. ஓரம் கட்டினேன்.

ஆன்ட்டி இறங்கி இன்ஜின் கதவைத் திறந்தார். காற்று ஃபில்டர் பக்கத்தில் விரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்றால் அதில் சிவப்பு ஏறும். சிவப்பு உச்சியில் நின்றது. நான் காட்டினேன்.

"அது பொய் சொல்லுது. பழைய பிளாஸ்டிக். ஒரு தரம் மாட்டிக்கிட்டா இறங்காது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நவம்பர்ல என்ன போட்ட?"

"டீசல்."

"ரசீது?"

"குப்பைல போட்டுட்டேன்."

"பெட்ரோல் போட்டியா?"

"ஆன்ட்டி, எனக்குக் கலர் தெரியும்."

அங்கேயே பாட்டிலில் பிடித்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். தெளிவாக இருந்தது.

"நல்லாத்தானே வசந்தா இருக்கு?" என்றார் அங்கிள்.

"அதான் சந்தேகமா இருக்கு."

திரும்பி வந்தோம். பிள்ளைகள் இரண்டும் அழுதன. பத்மா ஆன்ட்டிக்கு அன்று மாலையே வசந்தா ஆன்ட்டி போன் செய்தார். "அவ என்ன ஊத்தினான்னு அவளுக்கே தெரியல. குழந்தைங்க போற வேன், பார்த்துக்கோ." மறுநாள் காலை பத்மா ஆன்ட்டி வேன் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஓட்டுவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும். படிப்பை விட்டவள் என்ற பேரை நான் சமாளித்துவிட்டேன், அது உண்மை. இது உண்மையில்லை. சங்கத்தில் யாரும் இனிமேல் என்னை நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. இரண்டு மாதம் டேகேரில் மேஜை துடைத்தேன். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த ஒரு அப்பா, "நீதானே அந்த மோட்டார்ஹோம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு மாதமும் ஆன்ட்டி சும்மா இருக்கவில்லை. டாங்க்கைக் காலி செய்யவைத்தார். டீசல் ஃபில்டரை இரண்டு முறை மாற்றினார். புகை நிற்கவில்லை. சிவப்பும் இறங்கவில்லை. அதை அவர் கண்டுகொள்ளவும் இல்லை.

மே மாதம் ஒரு நாள் மத்தியானம் டேகேருக்கு எனக்கு போன்.

"சுதா, என் மஞ்சப்பை ஒண்ணு காணோம்."

"அதுக்கு?"

"கோயிலுக்குத் தேங்காய் எடுத்துட்டுப் போற பை. மொத்தம் நாலு. மூணுதான் இருக்கு. பிக் பெண்ட் போறப்ப நாலும் வண்டில இருந்துது. நீ எடுத்துட்டுப் போனியா?"

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. "ஆமா ஆன்ட்டி. பெட்ரோல் ஊத்தினேன், பையைத் திருடினேன். வேற என்னல்லாம் காணோம், பார்த்துச் சொல்லுங்க."

"டிசம்பர்ல வண்டிய மூடறப்ப..." என்று இழுத்தார். பிறகு மிக மெதுவாக, "கொஞ்சம் இரு" என்றார். போன் கட்.

மாலை ஆறு மணிக்கு, பெற்றோர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போகும் நேரத்தில், வசந்தா ஆன்ட்டி உள்ளே வந்தார். கையில் மஞ்சள் பை. கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அதே பை. புழுதி படிந்து கசங்கி, பந்துபோல் இருந்தது.

"பத்மா, எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. வண்டில தப்பு பண்ணது இவ இல்ல. நான்."

டிசம்பரில் வண்டியை மூடிவைக்கும்போது, எலி கூடு கட்டுமே என்று பயந்து, பை நிறைய வேப்பிலையைத் திணித்து, இன்ஜின் காற்று இழுக்கும் குழாயின் வாயை அடைத்திருக்கிறார். நம் வீடுகளில் அரிசி டப்பாவில் போடுவதில்லையா, அதே யோசனை. அதைச் சுத்தமாக மறந்து, வேப்பிலையும் பையும் குழாயில் அப்படியே இருக்க, மார்ச்சில் வண்டியைக் கிளப்பியாயிற்று. மெதுவாகப் போகும்போது இன்ஜினுக்கு இலைச் சந்தில் நுழையும் கொஞ்சக் காற்று போதும். வேகம் எடுக்கப் போதாது. அந்தச் சிவப்பு முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வரிசையில் நின்ற ஒருவர் பையிலிருந்து ஓர் இலையை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். "இது வேப்பிலையே இல்ல ஆன்ட்டி. சைனாபெரி. பார்க்கத்தான் அப்படியே இருக்கும்."

"அதையும் நம்பிட்டேன்," என்றார் ஆன்ட்டி. "பக்கத்து வீட்டு மரம். டெக்ஸாஸ்ல வேப்பமரமான்னு ஒரு நாளாவது கேட்டேனா? எல்லாத்தையும் செக் பண்ணேன். என்னை மட்டும் பண்ணல."

பத்மா ஆன்ட்டி சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். என்னால் உடனே உருக முடியவில்லை. கோடைப் பயணம் நெருங்கியிருந்தது, அங்கிளுக்குக் கண் ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு இப்ப என்ன ஆன்ட்டி வேணும்? ஜூன்ல ஓட்ட ஆளா?"

"ஆள் வேணும்தான். அதுக்காக வரல."

"எப்படி நம்பறது?"

"நம்பாதே. செக் பண்ணு."

பண்ணினேன். ஜூனில் வரமாட்டேன் என்று போனில் சொன்னேன். சரி என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயிலில் என் பேச்சு வரும் இடத்திலெல்லாம் போய் நின்று, மஞ்சப்பைக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார் என்று எனக்கு நான்கு பேர் சொன்னார்கள். நான்கு பேரும் சொன்னது ஒத்துப்போயிற்று. ஜூனில் போய் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்தார். வண்டியை நிறுத்திவைக்கும்போது எதை அடைத்தாலும், மூடினாலும், கழற்றினாலும் ஓர் அட்டை. சிவப்பு ரவிக்கைத் துணியில் முடிந்து ஸ்டியரிங்கில் கட்டிவிட வேண்டும். அட்டையில் இரண்டு கோடு. வைத்தவர், எடுத்தவர். இரண்டிலும் பேர் இல்லாமல் சாவி திரும்பக் கூடாது. அங்கிள் ஒரு முறை கேட்டார்: "வைக்கறதும் நீ, எடுக்கறதும் நீ. யாருக்கு இந்த அட்டை?" ஆன்ட்டி சொன்னார்: "டிசம்பர்ல இருக்கற வசந்தாவை மார்ச்ல இருக்கற வசந்தா நம்பறதில்ல."

இந்தக் கோடை முழுக்க அவருக்கு, 2000 பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்ற Y2K பயம். பாங்க், ட்ராஃபிக் லைட், வீட்டு மைக்ரோவேவ், எதுவும் ஜனவரியில் வேலை செய்யாது என்று சந்தேகப்பட்டார். வண்டியை மட்டும் சந்தேகப்படவில்லை. "இதுல கம்ப்யூட்டரே இல்ல. ஊரே நின்னாலும் இது போகும். நீ டிசம்பர் முப்பத்தொண்ணு ஃப்ரீயா வெச்சுக்கோ," என்றார். சரி என்றிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அஸ்தியைக் கால்வெஸ்டன் கடலில் கரைக்க அங்கிள் அந்த வண்டியில்தான் போக வேண்டும் என்றார். பத்மா ஆன்ட்டியும் இன்னும் சிலரும் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கிள் முன்சீட்டில் இருந்தார். நான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தேன். சிவப்புத் துணி கட்டியிருந்தது. செப்டம்பரில் வண்டியை மூடியபோது கட்டியது.

அவிழ்த்துப் பார்த்தேன். பந்துபந்தான கையெழுத்து. "காற்றுக் குழாயில் பை. இலை இல்லை, பழைய துணிதான். வைத்தவர்: வசந்தா. எடுத்தவர்:" அதற்குப் பிறகு காலிக் கோடு.

"கிளம்பலாமாம்மா?" என்றார் அங்கிள்.

"ஒரு நிமிஷம் அங்கிள்."

இறங்கிப் பின்னால் போனேன். பை அவர் சொன்ன இடத்தில் இருந்தது. உருவி எடுத்தேன். துணியை உதறினேன், குழாய்க்குள் கைவிட்டு இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன். பிறகு வந்து உட்கார்ந்து, அங்கிளிடம் பேனா வாங்கி, காலிக் கோட்டில் என் பேரை எழுதினேன். வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. ஃப்ரீவேயில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். புகை இல்லை. அந்தச் சிவப்பும் கீழேதான் இருந்தது, கால்வெஸ்டனில் நிறுத்தியதும் போய்ப் பார்த்துவிட்டேன்.

போய் வாருங்கள் ஆன்ட்டி. செக் பண்ணிட்டேன்.