மார்கரெட் ஏரி

லூயிஷாம் சந்தையில் பழைய வரைபடங்கள் விற்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் கடை முன் நிற்கிறேன். கனடாவின் வடக்கே மனித வாசமில்லாத ஏரிக்காட்டின் படத்தை அவர் மேசையில் விரிக்கிறார். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு மூலையை நான் அழுத்திப் பிடிக்கிறேன். தாள் முழுக்க நீலப் பொட்டுகள்.

படத்தைக் கேட்டு வந்தவர் எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய அப்பா துடுப்புப் படகில் போய் அந்தக் காட்டை அளந்தவர். அங்கே ஓர் ஏரிக்கு மனைவியின் பெயரை வைத்ததாகச் சாகும்வரை பெருமையடித்தாராம். அதைத்தான் மூவரும் தேடுகிறோம்.

"இஞ்ச கிடக்கு மார்கரெட்!" என்று அண்ணை கூவுகிறார்.

உளுந்து அளவில் ஓர் ஏரி. அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று, பெஸ்ஸி.

"பெஸ்ஸி யார்?" என்று கேட்டுவிடுகிறேன். அண்ணை என் காலை மிதிக்கிறார்.

பெண்மணி கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்க்கிறார். "அப்பாவின் நாய்" என்கிறார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கிறார். "நல்லவேளை, அம்மா இதைப் பார்க்கவில்லை."

படத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் போனதும், "பாவம் மார்கரெட்" என்கிறேன்.

"ஓம் தம்பி. ஆனா அந்தக் குளிருக்குள்ள அந்தாளோட கூடப் போனது நாய்தானே?"