வெளுத்த ஆயில்

லியோ குவைத்துக்குப் போன பிறகு பூதலூர் ரயில்வே கேட் பக்கத்தில் இருந்த அவன் ஒர்க்‌ஷாப்பை மனைவி ரோஸ்லின்தான் நடத்தினாள். கல்யாணமான புதிதிலிருந்தே அவனோடு சேர்ந்து இன்ஜின் இறக்கியவள். தெருவெல்லாம் மாருதி ஓட ஆரம்பித்த அந்த வருஷங்களில், பழைய அம்பாசடர் படுத்துக்கொண்டால் அவளிடம்தான் வந்தார்கள்.

நெல் தரகர் கண்ணுசாமியின் அம்பாசடரை ஒரு காலையில் நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே கூத்தாநல்லூர் ஜெக்கரியா. சவுதியிலிருந்து திரும்பியவர், டாக்சி ஓட்ட அந்தக் காரை வாங்க வந்திருந்தார்.

"பேட்டரி டவுன். ஸ்டார்ட் பண்ணி விடு, போதும்," என்றார் கண்ணுசாமி.

ரோஸ்லின் காரின் முன்பக்கத் துளையில் இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினாள். பாதியில் இறுகி நின்றது. ஆயில் குச்சியை உருவினாள். பால் கலந்த டீ மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது. அளவுக் குறிக்கு மேலேயும் ஏறியிருந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றியதும் தண்ணீர் அவள் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

கண்ணுசாமி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆயில மட்டும் மாத்து. இன்னைக்கு ஓடினா போதும். வாயத் திறக்காத."

அவள் ஜெக்கரியாவிடம் திரும்பினாள். "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு பாய். ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலந்திருக்கு. இப்படியே ஓட்டினா பேரிங் எல்லாம் போயிடும். வாங்காதீங்க."

கண்ணுசாமி ஹேண்டிலை உருவி ஓங்கி அடித்தார். தலையைக் காக்கத் தூக்கிய வலது கை முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடி தோளில்.

"புருஷன் ஊர்ல இல்லாத திமிராடீ!" மயிரைப் பிடித்துத் தலையைப் பம்பரில் இடித்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. தரையைத் துழாவிய இடது கைக்கு வீல் ஸ்பேனர் அகப்பட்டது. முட்டியைப் பார்த்து அடித்தாள். அவர் அலறிக்கொண்டு விழுந்தார். மறுபடி அடித்தாள்.

"விழுந்துட்டாரும்மா, விடும்மா!" ஜெக்கரியா ஸ்பேனரைப் பற்றினார். காரைத் தள்ளி வந்தவர்கள் மதிலோரம் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அவள் உதறிவிட்டு இன்னொன்றும் போட்டாள். அது வேண்டாத அடி என்று அடிக்கும்போதே தெரிந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. போலீஸில் இரண்டு பக்கமும் கேஸ். லியோ போனில் அழுதான். "கடையை மூடிடு ரோஸ்லின்."

"மூடணும்னா நீங்க வந்து மூடுங்க," என்றாள்.

ஜெக்கரியா சாட்சி சொன்னார்; அவளுடைய கடைசி அடி உட்பட ஒன்றையும் மறைக்கவில்லை. கண்ணுசாமிக்கு ஜெயில், அவளுக்கு அபராதம். அதற்காக அவள் ஜெக்கரியாவைக் கோபிக்கவில்லை. அவர் வாங்கிய வேறொரு காருக்கும் அவள்தான் மெக்கானிக்.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. போல்ட் முறுக்க இடது கையைப் பழக்கிக்கொண்டாள். ஜெயிலிலிருந்து வந்த கண்ணுசாமி கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கமாட்டாள், நேரேதான் நடப்பாள். ஆனால் அவர் காலை இழுத்து இழுத்துப் போவதைப் பார்த்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது.