பரமேஸ்வரியக்காவின் இடது கால்

பரமேஸ்வரியக்காவின் காலைத் தொட்டவர்கள் எல்லோரும் "சில்லுன்னு இருக்கு" என்றார்கள். சில்லென்று இருந்ததால் தைலத்தைச் சுடவைத்துத் தேய்த்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கால் வலிக்கு வேறு வைத்தியம் கிடையாது.

அப்போது நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வெலிமடையில் கிழங்கு மூட்டை தூக்கினேன், எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளைக் கூட்டினேன், கொழும்பில் கோப்பை கழுவினேன். எதிலும் நிலைக்கவில்லை. இதில்தான் கொஞ்சம் நிலைத்தேன். தோட்டப் பக்கம் ஆட்டோ ஓட்ட வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் ஓட்டத்தில் பாதி ஆஸ்பத்திரி ஓட்டமாகத்தான் இருக்கும்.

1. கடிகாரம்

அக்கா கொழுந்து பறிக்கிறவள். இதயத்தில் வால்வு மாற்றியவள். அதற்காக ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, உயிருள்ளவரை. மாதம் ஒருமுறை பதுளை கிளினிக்குக்கு என் ஆட்டோவில்தான் வருவாள். புருசன் மாணிக்கம் அண்ணனும் கூட வருவார்.

"வால்வு டிக் டிக்குன்னு அடிக்குது தம்பி. பக்கத்துல படுக்க முடியல" என்பார் அவர்.

"அப்ப அடுத்த காம்பராவுல போய் படுங்க. கடியாரம் வாங்கித் தர வக்கில்லாத ஆளு, உள்ளுக்குள்ள ஓடுறதையும் குத்தம் சொல்றாரு."

நான் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்திருக்கிறேன். கிளினிக்கில் ரத்தம் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கிறது என்றே சொல்லி அனுப்புவார்கள்.

2. துண்டு

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மலையில் நின்றுகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று இடது காலில் வலி. அறுத்துப் போட்டது மாதிரி இருந்ததாம். இரண்டு பெண்கள் தாங்கி லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். தேய்த்தார்கள், நீவினார்கள், கம்பளியைச் சுற்றினார்கள். அடங்காததால் மாணிக்கம் அண்ணன் சந்திக்கு ஓடிவந்தார்.

"நேரா பதுளைக்குப் போயிருவோமாண்ணே?" என்றேன்.

"துண்டு இல்லாம எப்படித் தம்பி? நாளைக்கு வேலைக்குப் போனா கேப்பாங்களே."

வெளி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு, அதாவது அனுமதிச் சீட்டு, வாங்க வேண்டும். அதுதான் வழக்கம். போனோம். மருந்து கொடுக்கிற ஐயா இன்னும் வரவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். காலின் நிறம் போய்க்கொண்டிருந்தது. மெழுகு மாதிரி.

அவர் சாவகாசமாக வந்தார். கம்பளியை விலக்கிப் பார்க்கவில்லை.

"மலை ஏறி எறங்குற ஆளுக்குக் கால் வலிக்காம காதா வலிக்கும்? ஊசி போட்டு விடுறேன். சாயந்தரம் பாப்போம்."

ஊசி போட்டார். வலி குறைகிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "வெரலை அசைக்க முடியலீங்க" என்று அக்கா சொன்ன பிறகுதான் துண்டு எழுதினார்.

3. அட்டை

பதுளையில் எங்களைப் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று. சின்ன வயது டாக்டர். கிளினிக் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் காலில் நாடி பிடித்துப் பார்த்தாள். பாதத்தில் பிடித்தாள், கணுக்காலில் பிடித்தாள், முழங்காலுக்குப் பின்னால் பிடித்தாள். எங்கேயும் துடிப்பு இல்லை போல, முகம் மாறிவிட்டது.

"ரத்தம் உறையாத குளிசை போடுற ஆளுக்கு வலி ஊசி போட்டது ஆர்? குத்தின இடத்தில ரத்தம் கசியுமெல்லோ."

மாணிக்கம் அண்ணன் துண்டை நீட்டினார்.

"அம்மா, எங்கயாவது விழுந்தனீங்களோ? இடிபட்டனீங்களோ?"

"இல்லீங்க."

"இந்தக் குளிசை போடுற ஆக்களுக்குக் கால் நோகிறதுக்குக் கனக்கக் காரணம் இருக்கு. லேசா அடிபட்டாலும் தசைக்குள்ள ரத்தம் கசியும். அப்ப கால் வீங்கி இறுகும், நீலம் பாய்ஞ்சு கண்டிப்போகும். உங்களுக்கு அப்பிடி இல்ல. கால் குளிர்ந்து வெளிறிக் கிடக்கு. ரத்தம் கட்டி வந்து குழாயை அடைச்சிருக்கு. குளிசையை ஒழுங்கா எடுத்திருந்தா லேசில இப்பிடி வராது. உண்மையைச் சொல்லுங்கோ."

"தெனம் போடுறாங்க. என் கண்ணு முன்னால போடுறாங்க" என்றார் மாணிக்கம் அண்ணன்.

அக்கா அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "அட்டைக்குப் பயந்து நிறுத்தினேன் பிள்ள."

மழைக்காலத்தில் எங்கள் மலையில் அட்டை கடிக்காத கால் கிடையாது. மற்றவர்களுக்குச் சுண்ணாம்பு வைத்தால் ரத்தம் நின்றுவிடும். இந்த மாத்திரை போடுகிறவளுக்கு நிற்காது. காலில் வழிந்து, கையில் பட்டு, கொழுந்தில் ஒட்டும். வேலையை மேற்பார்க்கிற கங்காணி பார்த்துவிட்டுக் கத்துவார்: "ஏய் பரமேசு, கொழுந்துல ரத்தமா? போ லயத்துக்கு." ஒருநாள் சம்பளத்தை எங்கள் ஊரில் பேர் என்போம். பாதியில் திரும்பினால் அரைப் பேர்தான். மாத்திரையை நிறுத்தினால் கடிவாய் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். கிளினிக்குக்கு முந்திய வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவாள். மற்ற நாளில் வாயில் வைத்துவிட்டு வெளியே துப்பிவிடுவாள்.

டாக்டர் பிள்ளை திட்டவில்லை. தள்ளுவண்டியை அவளே பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ரத்தக் கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். நேரம் கடந்துவிட்டது. கால் கறுத்துக்கொண்டே போனது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

4. பிறகு

வீட்டுக்கு வந்த பிறகு கங்காணி ஒரு பிஸ்கட் பக்கற்றோடு பார்க்க வந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பரமேசு. அட்டை இல்லாத எடத்துல வேலை போட்டிருப்பேனே."

"சொன்னேனுங்களே. வியாதிக்காரிக்கு மலை எதுக்குன்னு கேட்டீங்களே."

அவர் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். பிஸ்கட்டை அக்கா பிரிக்கவில்லை.

தம்பிகளே, நான் கற்றது இவ்வளவுதான். கால் வலி என்று யார் ஏறினாலும் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ரத்தம் உறையாத மாத்திரை என்றால் தேய்க்க விடாதீர்கள், ஊசிக்கு நிறுத்தாதீர்கள். கால் வீங்கிச் சுட்டாலும் சரி, கண்டிப்போய் இறுகினாலும் சரி, சில்லிட்டு வெளுத்தாலும் சரி, எது என்ன என்று சொல்ல நாம் டாக்டர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். சில்லிட்ட கால் என்றால் வழியில் தேநீருக்குக்கூட நிறுத்தாதீர்கள். மாத்திரையைத் தவறவிட்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். துண்டு பிறகு வாங்கலாம். கிடைக்காவிட்டால் போவது ஒரு நாள் பேர்தான்.

அக்கா இன்னும் என் ஆட்டோவில்தான் கிளினிக் வருகிறாள். கடிகாரம் ஓடுகிறது. இப்போது ஒருநாள்கூட மாத்திரையை விடுவதில்லை. மலைக்குப் போகாதவளை அட்டை கடிப்பதில்லை.