பெண்கள் கவுண்டரில் நின்ற துப்பாக்கி

பெண்கள் கவுண்டரைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது கைகள்தான். ஒரு ஓட்டைக்குள் நாலு கை நுழையும். டிக்கெட் வாங்கிய கை வெளியே போவதற்குள் அடுத்தது முண்டிக்கொண்டு வந்திருக்கும். அன்று மேட்னிக்கு நான் திறந்தபோது ஒரு கையும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். வரிசை மொத்தமும் தள்ளிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றது. ஓட்டைக்கு நேரே ஒரே ஓர் அம்மா நின்றார், தோளில் துப்பாக்கியோடு.

எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலில் ஒரு தியேட்டரில் பெண்களுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பிறகு அங்கேயே மேனேஜர் வரை வந்து ஓய்வு பெற்றேன். வாசலில் பிரச்சினை வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று இப்போது தியேட்டர் வேலைக்கு வரும் இளையவர்கள் கேட்கிறார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த பாடம் இந்த ஒன்றுதான்.

"தரை டிக்கெட் ஒண்ணு குடு தாயி," என்றார் அந்த அம்மா.

"அக்கா, தோள்ல என்னது?"

"துப்பாக்கி."

"அது தெரியுது. அதுக்கும் சேத்து ரெண்டா கிழிக்கவா?"

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். பிறவிக் குணம். அவர் சிரிக்கவில்லை. "லைசென்ஸ் இருக்கு," என்று ஒரு சின்னப் புத்தகத்தை ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார். ராமலட்சுமி, குருவிகுளம் பக்கத்துக் கிராமம் என்று இருந்தது.

வருடக் கடைசியில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியவர்கள், துப்பாக்கியைத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காவல் காக்கும் சம்சாரிகள் துப்பாக்கியோடு பஸ்ஸில் வந்து இறங்குவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் மீசைக்காரர்கள். காட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுவார்கள். சேலை கட்டிய ஒருவர் துப்பாக்கியோடு வந்து சினிமாவுக்கு டிக்கெட் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். முதலாளிக்கு ஆள் அனுப்பினேன்.

வாசல் விவாதம்

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். புதுப்படக் கூட்டத்துக்காக வாசலில் நின்ற ஏட்டையா கூடவே வந்தார். மனைவியோடு படம் பார்க்க வந்திருந்த ஒரு வக்கீல், கூப்பிடாமலே சேர்ந்துகொண்டார். மூவரும் அந்த அம்மாவின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு என் கவுண்டர் ஓரமாக நின்றார்கள்.

"ஏட்டையா, உள்ள விடலாமா கூடாதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா என் தியேட்டர் லைசென்ஸ்ல கை வச்சிருவாவ," என்றார் முதலாளி.

"சர்க்கார் குடுத்த லைசென்ஸ் அண்ணாச்சி. பஸ்ல கொண்டாரலாம், ரோட்டுல கொண்டு போவலாம். கொட்டகையில மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் ஏட்டையா.

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதுலயே அச்சடிச்சிருக்கு வே. திருவிழாவுக்கும் சாமி ஊர்வலத்துக்கும் சனங்க கூடுத எடத்துக்கும் கொண்டு போவக் கூடாது. சினிமாக் கொட்டகை சனங்க கூடுத எடமா இல்லியா?"

"நேத்து கேட்டிருந்தா இல்லைன்னுருப்பேன். பழைய படம், ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம்," என்றார் முதலாளி.

"அப்பம் பஸ் ஸ்டாண்டு? அங்கன இதைவிடக் கூட்டம்லா," என்றார் ஏட்டையா.

"போற வழி வேற, போய் உக்காருத எடம் வேற," என்றார் வக்கீல்.

சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போட்டு வைத்துவிடலாமா என்று முதலாளி கேட்டார். ஏட்டையா பதறிவிட்டார். "லைசென்ஸ் இல்லாதவன் கையில துப்பாக்கி போச்சுன்னா குடுத்தவளுக்கும் கேசு, வாங்கினவனுக்கும் கேசு. அந்தப் பேச்சே ஆகாது."

அந்த அம்மா குழலை மடக்கி மூவரிடமும் காட்டினார். குழல் வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. தோட்டா கிடையாது. முதலாளிக்கு மூச்சு வந்தது.

"குண்டு இருக்கா இல்லையாங்கது கேள்வியே இல்ல," என்றார் வக்கீல். "இன்னிக்கு இவ கையில குண்டு இல்ல. நாளைக்கு வாரவன் கையில இருந்தா, எதை வச்சு அவனைத் தடுப்பீரு?"

உண்மையைச் சொன்னால் எனக்கு விவாதம் ருசித்தது. மூன்று பேர் சொல்வதும் அவரவர் பேசும்போது சரியாகவே பட்டது. திரையில் கதாநாயகன் சுட்டால் விசில் அடிக்கிற கூட்டம், வெளியே காலித் துப்பாக்கியைக் கண்டு சுவரில் பல்லியாக ஒட்டி நிற்பதும் வேடிக்கையாக இருந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். புதுப்படத்துக்கு வருகிறவர் கண், படக் காட்சிகளை ஒட்டி வைத்திருக்கும் ஸ்டில் போர்டை விட்டு நகராது. இந்த அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ன படம்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது தாயி."

"பெறவு எதுக்கு டிக்கெட்டு?"

ஓட்டைக்கு அருகில் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார். "தாலுகா ஆபீசுல துப்பாக்கியப் பாத்தாச்சு. புக்குல கையெழுத்துப் போடுத ஆபீசர் கேம்ப் போயிருக்காராம், நாலு மணிக்குத்தான் வருவாராம். அதுவரைக்கும் எங்கன நிக்க? ஆபீஸ் வாசல்ல நின்னேன், கூட்டம் கூடிட்டு. ஒருத்தன் குழலைத் தொட்டுப் பாக்கான். இன்னொருத்தன் 'எக்கா, என்னையச் சுடு'ன்னு நெஞ்சைக் காட்டுதான். என் கொழுந்தன் எதுத்த டீக்கடையில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கான்."

"கொழுந்தனுக்கு என்ன?"

"வீட்டுக்காரரு போனபெறவு லைசென்ஸை என் பேருக்கு மாத்துனேன். பொம்பள கையில துப்பாக்கி இருந்தா ஆபத்துன்னு அவன் மனு போட்டிருக்கான். இன்னிக்கு ஒரு தள்ளுமுள்ளு நடந்தாப் போதும், லைசென்ஸ் போயிரும். துப்பாக்கி இல்லாட்டா பன்னி வெள்ளாமைய விடாது. வெள்ளாமை இல்லாட்டா நெலத்தை அவன்ட்டதான் குடுக்கணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். ஆம்பளைக வராத எடம் ஊருக்குள்ள எங்கன இருக்குன்னு ரோசிச்சேன். கொட்டகையில பொம்பளைப் பக்கம் தட்டி வச்சு மறைச்சிருக்குமே, அதான் வந்தேன்."

நாங்கள் அத்தனை பேரும் அவர் படம் பார்க்க வந்தார் என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

"ஏட்டையா," என்று கூப்பிட்டேன். "இந்த டிக்கெட் ரூம் சனங்க கூடுத எடமா?"

அவர் எட்டிப் பார்த்தார். "நீ ஒருத்தி உக்காரவே எடம் காணாது. இதுல எங்கன கூட?"

"அப்பம் அக்கா இங்கன இருக்கட்டும். படம் பாக்க வேண்டாம்."

வக்கீல் வாயைத் திறந்தார். "படம் போட்டாச்சு, வாரியளா இல்லியா?" என்று அவர் மனைவி உள்ளிருந்து சத்தம் போட்டார். வக்கீல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி என்னை முறைத்துப் பார்த்தார், பிறகு பக்கக் கதவைத் தாமே திறந்துவிட்டார்.

ஹவுஸ்ஃபுல்

டிக்கெட் கொடுத்து முடித்துத் திரும்பியபோது, ராமலட்சுமியக்கா முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். துப்பாக்கி மடியில் கிடந்தது. இரண்டு கையும் அதன் மேல் இருந்தன. சுவருக்கு அந்தப்பக்கம் படத்தில் படபடவென்று சுடுகிறார்கள், இவர் இமை அசையவில்லை. உடம்பு மெல்லச் சாய்ந்தது. துப்பாக்கியை நான் தொட்டால் கேசு என்று ஏட்டையா சொன்னது மனதில் இருந்தது. அதனால் என் முக்காலியை நெருக்கிப் போட்டுத் தோளைக் கொடுத்தேன். கரிசல் மண்ணும் வியர்வையும் கலந்த வாசனை அடித்தது.

யாரோ ஓட்டைப் பலகையைத் தட்டினார்கள். ஒரு கையால் திறந்தேன். வெற்றிலை போட்ட ஒரு வாய் தெரிந்தது.

"துப்பாக்கியோட ஒரு பொம்பள இங்கன வந்தாளாமே, எங்க அவ?"

கொழுந்தன்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தோளை அசைக்காமல் சொன்னேன்:

"இது பொம்பளைக கவுண்டர் அண்ணாச்சி. ஹவுஸ்ஃபுல்."

பலகையைச் சாத்தினேன்.

நாலு மணிக்கு எழுப்பினேன். திடுக்கிட்டு விழித்தவர் முதலில் துப்பாக்கியைத் தடவினார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"தூங்கிட்டனா?"

"நல்லா."

"வெதைச்சதுலருந்து ராத்திரி கண்ணடைக்கல தாயி. நான்தான காவலு," என்றார். வெட்கப்பட்டுக்கொண்டே கொண்டையை முடிந்தார். ஏட்டையா அவரைத் தாலுகா ஆபீஸ் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, "கையெழுத்து ஆயிட்டு, பஸ் ஏத்தி விட்டுட்டேன்," என்றார். எனக்கு அழுகை வந்தது. கணக்குப் பார்க்கிறாற்போல் குனிந்துகொண்டேன்.

விடலாமா கூடாதா என்றால், வக்கீல் சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். லைசென்ஸ் இருந்தாலும் கூட்டத்துக்குள் துப்பாக்கி வேண்டாம். மேனேஜராக இருந்த காலம் முழுவதும் யாரையும் விட்டதில்லை. ஆனால் வாசலில் நிற்கும் பையன்களுக்கு ஒன்று சொல்லி வைத்திருந்தேன். "கூடாது என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடாது. கூடாது என்றால் அவர் எங்கே போய் நிற்பார் என்று கேள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை அவர் உன் பொறுப்பு."