எங்கள் டபுள் பேஸின் பூர்வீகம்

வாஷிங் மெஷின் வாங்கி வருகிறேன் என்று போன என் கணவர் ஒரு டபுள் பேஸோடு வந்து இறங்கினார். வயலின் மாதிரியே இருக்கும், ஆனால் ஆளைவிட உயரமாக, நின்றுகொண்டு வாசிப்பார்களே, அந்த வாத்தியம். அதுவரை நான் அதைச் சினிமாவில்தான் பார்த்திருந்தேன், அதுவும் பாட்டுக் காட்சியின் பின்வரிசையில்.

டெல்லி சாணக்யபுரியில் இருக்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் மாற்றலாகிப் போகும்போது சாமான்களை வீட்டிலேயே பரப்பி வைத்து விற்பார்கள். நாங்கள் இருக்கும் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பல வீட்டு மைக்ரோவேவும் மேஜை விளக்கும் அப்படி வந்தவைதான். இவருக்கு அலுவலக நண்பர் ஒருவர் தகவல் சொல்லியிருந்தார்.

"மெஷின் எங்க?" என்றேன்.

"அத எனக்கு முன்னாடியே ஒருத்தன் எடுத்துட்டான். இது மூலையில சாஞ்சு நின்னுச்சு. சும்மா ஒரு கம்பியத் தட்டிப் பாத்தேன். நெஞ்சுக்கூட்டுக்குள்ள கேட்டுச்சு பாத்துக்கோ."

"அதுக்கு?"

"அதுக்கு வாங்கிட்டேன்."

இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், நான் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் எந்த வாத்தியத்தையும் தொட்டவர் இல்லை. குளிக்கும்போதுகூடப் பாட மாட்டார். விற்றவர்களுக்கே அதன் கதை தெரியாதாம். அவர்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்த யாரோ விட்டுப்போனதாம்.

எங்கள் வீடு முதல் மாடியில், இரண்டே அறைகள். வாத்தியத்தை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் நிறுத்த முடிந்தது. அதன்பின் ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறந்தது. தயிரை எடுக்கக் கையைப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்து, "பாபிஜி, இத்னா படா வயலின்?" என்று அதன் அளவைப் பார்த்து வியந்தார். நான் ஆமாம் என்று மட்டும் தலையாட்டினேன்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் விஷயத்தைப் பெரிதாக்கினாள். வாத்தியத்தின் முன்பக்கத்தில், நடுவில், எஃப் எழுத்தைப் போல வளைந்த இரண்டு துளைகள் இருக்கும். அதன் வழியே போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தவள், "அம்மா, ஜல்தி வா. உள்ள ஏதோ ஒட்டியிருக்கு" என்றாள்.

பழுப்பேறிய காகிதச் சீட்டு. இத்தாலியப் பெயர் ஒன்று, ஊர் ஒன்று, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆண்டு ஒன்று. தமிழ்ச் சங்கப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற எங்கள் பெண் அந்த இத்தாலியப் பெயரை ஒரே மூச்சில் படித்தாள். படித்த கையோடு இணையத்தில் தேடினாள். அதே பெயருள்ளவர் செய்த வாத்தியம் ஒன்று எங்கோ ஏலம் போயிருந்தது. விலையைப் பார்த்துவிட்டு மூவரும் சோபாவில் உட்கார்ந்துவிட்டோம்.

அன்றிலிருந்து வீட்டு நடைமுறையே மாறியது. எண்ணெய்ப் புகை படும் என்று தாளிப்பதற்குத் தடை. கூலர் காற்று நேரே பட்டால் மரம் ஊறுமாம், ஆகவே கூலர் ஜன்னல் பக்கம் திரும்பியது, நாங்கள் வியர்த்தோம். இவர் பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கையிடம் போனில் சொல்லப்போக, "அண்ணே, பேசாம அத வித்துட்டு இங்க ஒரு வீட்ட வாங்கிப் போடலாம்லா" என்று அவள் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள். நானும் சும்மா இல்லை. அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிக்கொண்டே மனசுக்குள் அந்த வீட்டின் சமையலறைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் யாரிடம் காட்டி உறுதி செய்வது? தரியாகஞ்ச் பக்கம் ஒரு வாத்தியக் கடைக்குப் படங்களோடு போனோம். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கிடார், ஹார்மோனியம் என்றால் நானே சொல்வேன். இதற்கு முனிர்காவில் ஒரு மேடம் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள்" என்று இந்தியில் சொல்லி ஒரு எண்ணைக் கொடுத்தார்.

அந்த மேடம் மிசோரமைச் சேர்ந்தவர். ஹோட்டல்களில் டபுள் பேஸ் வாசிக்கிறார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், வெளிநாட்டில் வாத்தியம் பழுதுபார்க்கவும் படித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகில் சின்னப் பையோடு வந்து நின்றார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என் கணவர் வாசலிலேயே, "உள்ளே சீட்டு இருக்கிறது, இத்தாலி" என்று ஆரம்பித்தார்.

"சீட்டைக் கடைசியில் பார்க்கலாம்" என்றார் அவர், இந்தியும் ஆங்கிலமும் கலந்து.

முதலில் துளையின் ஓரத்தை விரலால் தடவினார். ஒட்டுப்பலகை என்றால் அங்கே அடுக்கடுக்காகத் தெரியுமாம். தெரியவில்லை. "நல்ல செய்தி. இது முழு மரம், குடைந்து செய்தது." என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண் பின்பக்கத்தைத் திருப்பி மரத்தின் வரிகளைப் பார்த்தார். பையிலிருந்து பல் டாக்டர் வைத்திருப்பதைப் போன்ற கண்ணாடியையும் ஒரு சிறு விளக்கையும் எடுத்துத் துளைக்குள் விட்டு, மூலை மூலையாகத் தேடினார். அவர் குனிந்து பார்க்கும்போது யாராவது வாத்தியத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை எனக்கு வந்தது.

"மூலைகளில் உள்ளே முட்டுக்கட்டை வைக்கவில்லை. இத்தாலியின் பெரிய கைகள் அப்படி விட மாட்டார்கள்" என்றார். ஜெர்மனியும் செக் நாடும் சேரும் மலைப்பகுதியில் கிராமம் கிராமமாக இதே தொழில் நடந்ததாம். ஒரு வீட்டில் உடம்பு செய்வார்கள், இன்னொரு வீட்டில் கழுத்து, வேறு எங்கோ பூச்சு. நூறு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் பல கைகள் பட்டு வந்த வாத்தியம் இது என்பது அவர் கணிப்பு.

"அப்படியென்றால் சீட்டு பொய்யா?" என்று கேட்டாள் என் மகள்.

"பொய் என்று சொல்ல முடியாது. அந்த மாஸ்டரின் அமைப்பைப் பார்த்துச் செய்தது என்று அர்த்தம். கட்டுக்கட்டாக அச்சடித்து ஒட்டினார்கள். வாங்குகிறவர்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது."

"இத்தாலியே இல்லையா?" என்றார் என் கணவர்.

"இத்தாலிக்குக் கொஞ்சம் வடக்கே" என்று சமாதானமாகச் சொன்னார்.

பிறகு முன்பக்கத்து மேல்பலகையின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். துளைக்குள் மூக்கை வைத்து முகர்ந்தார். சிரித்துவிட்டு, "நீங்களும் பாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார். முகர்ந்தேன். சிம்லாவில் ஒருமுறை விருந்தினர் மாளிகையில் தங்கியபோது அலமாரியைத் திறந்தால் வந்த அதே வாசனை.

"தேவதாரு" என்றேன்.

"அதேதான். ஐரோப்பாவில் இந்த மரம் வைத்து மேல்பலகை செய்ய மாட்டார்கள். பழைய பலகை வெடித்தோ பூச்சி அரித்தோ போயிருக்கும். இங்கே யாரோ புதிதாகச் செய்து மாட்டியிருக்கிறார்கள். அவசர வேலை இல்லை, நன்றாகவே செய்திருக்கிறார்கள்."

யார், எந்த ஊரில் என்பது அவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை எங்களுக்கும் தெரியாது.

விலையைக் கேட்க என் கணவருக்கு வாய் வரவில்லை, நான்தான் கேட்டேன். பழைய வாத்தியம் சேகரிப்பவர்கள் மேல்பலகை மாறியதைத் தொட மாட்டார்களாம். ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் விலை வரலாம் என்றார். என் கணவர் "அச்சா" என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் விருந்தாளிக்குக் காபி போட்டது அன்றுதான். சர்க்கரைக்கு அளவே இல்லை. அந்தப் பெண் முகம் கோணாமல் குடித்தார்.

குடித்துவிட்டு, "வாசிக்கலாமா?" என்று கேட்டார். கம்பிகளைச் சுருதி சேர்த்து, விரலால் மீட்டி நடப்பது போன்ற ஒரு தாளத்தில் வாசித்தார். ஒரு சுரம் வரும்போதெல்லாம் அடுக்கில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

நிறுத்திவிட்டு அவர் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத விஷயம். "என்னுடையது ஐரோப்பிய வாத்தியம். ஒவ்வொரு மே மாதமும் எங்காவது வெடித்துவிடும். டெல்லி வெயிலுக்கு அது பிறக்கவில்லை. இந்தப் பலகை எத்தனையோ கோடைகளைப் பார்த்தும் ஒரு கீறல் இல்லை. விற்பதாக இருந்தால் நான் சொன்ன விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்."

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஃபிரிட்ஜ் கதவு முழுதாகத் திறக்கும் நாள் கண்முன் வந்தது. அதற்குள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். உங்களுக்கு உயரம் இருக்கிறது" என்றார்.

என் உயரத்தைப் பற்றி யாரும் நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கணவரைவிட நான் இரண்டு விரல் கூடுதல். அவருக்கு முன்னால் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார், நான் காபித் தட்டோடு நிமிர்ந்ததுமே ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் புகைப்படத்திலும் என்னைப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். இங்கே ஒருத்தி என் தோளைத் தொட்டு, வாத்தியத்தை என் இடுப்பில் சாய்த்து, இடது கையை மேலே தூக்கி வைத்துவிட்டு, "பாருங்கள், எவ்வளவு சுலபமாக எட்டுகிறது" என்கிறாள்.

இருப்பதிலேயே தடிமனான கம்பியை இழுத்துவிட்டேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றில் வந்தது. இன்னொரு முறை இழுத்தேன்.

"என்ன செய்ய? குடுத்துரவா?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கட்டுங்க" என்றேன்.

அந்தப் பெண் வருத்தப்படவில்லை. கோடையில் அவர் வாத்தியம் வெடித்தால் எங்களுடையதை எடுத்துப்போவது, அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் எனக்குப் பாடம் என்று அங்கேயே முடிவாயிற்று. அன்று மத்தியானம் கடுகும் கறிவேப்பிலையும் வெடிக்க வெடிக்கத் தாளித்தேன். அவரும் எங்களோடு உட்கார்ந்து புளிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

என் கணவரும் கற்றுக்கொள்ளத்தான் பார்த்தார். விரல் நுனிகள் கொப்பளித்ததும் விட்டுவிட்டார். எனக்கும் கொப்பளித்தது, பிறகு காய்த்துப்போனது. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தக் காய்ப்பை மேஜையில் தேய்த்துப் பார்த்துக்கொள்வேன்.

குளிர்காலத்தில் அவருடைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறிய அரங்கில் வாசித்தார்கள். எல்லாரும் என் மகள் வயது. பின்வரிசையில் பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக நான். இரண்டாவது பாட்டில் இடம் தவறிவிட்டேன். கை நின்றுவிட்டது. மற்றவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்கள். காது மட்டும் வைத்துக் காத்திருந்தேன், தெரிந்த திருப்பம் ஒன்று வந்ததும் சேர்ந்துகொண்டேன். முன்னால் நின்ற டீச்சர் திரும்பிப் பார்க்காமலே தலையை ஒருமுறை அசைத்தார்.

முடிந்து விளக்குப் போட்டதும் என் கணவர் மேடைக்கு வந்தார். "நடுவுல கொஞ்ச நேரம் வாசிக்காம நின்னியே, அது பாட்டுல அப்படியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். "நல்லா இருந்துச்சு" என்றார்.