முப்பத்தொரு சதவீதத்தோடு பூம்பாறையில்

"மின்சாரக் கார் கொடைக்கானல் ஏறுமா?" நான் வண்டி வாங்கியதாக எழுதிய நாளிலிருந்து உங்களில் பலர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. ஏழு மாதமாகப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். மதுரைக்குள் ஓட்டும்போதே பேட்டரி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி, கண் வேறு பக்கம் போகாது.

அக்டோபர் கடைசியில் என் தம்பி செந்தில் நார்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்தான். பதினொரு வருடமாக அங்கே இருக்கிறான். அங்கே புதிதாக வாங்கும் கார்களில் ஏறக்குறைய எல்லாமே மின்சாரக் கார்தானாம். கடை வாசல், தேவாலய வாசல், எங்கே நிறுத்தினாலும் சார்ஜ் போட ஒரு கம்பம் நிற்குமாம். "பனியிலயே மலை ஏறுறோம். நீ என்னக்கா கொடைக்கானலுக்குப் போய்ப் பயப்படுற?" என்றான். ரோஷம் வந்து கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மதுரையிலிருந்து புறப்பட்டோம். கொடைக்கானலுக்கு வண்டி போவதற்கான இ-பாஸ் முந்தின நாளே எடுத்தாகிவிட்டது. வத்தலக்குண்டு வரை சமதளம். அங்கே வேகமாக ஏற்றும் சார்ஜரில் தொண்ணூற்றாறு சதவீதம் வரை ஏற்றினோம்; முப்பத்தைந்து நிமிடம், 410 ரூபாய். அதற்குள் இரண்டு இட்லியும் ஒரு காப்பியும் முடிந்துவிடும். மலைப்பாதை ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்கு வளைவு எண் இறங்குகிறது. வண்டி கொஞ்சமும் திணறவில்லை. திணறியது நான்தான். கொடைக்கானல் ஏரிக்கரைக்கு வந்தபோது ஐம்பத்தைந்து சதவீதம்.

செயலியில் சார்ஜர் இருப்பதாகப் போட்டிருந்த ஒரு விடுதியில் விசாரித்தோம். அது மூன்று நாளாக வேலை செய்யவில்லையாம். "ஒண்ணும் ஆகாது, தங்குற வீட்டுல ராத்திரி பூரா ப்ளக்ல போட்டுக்கலாம்" என்றான் செந்தில். பூம்பாறையில் நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டில் பதினைந்து ஆம்பியர் ப்ளக் இருப்பதைப் போனில் கேட்டு உறுதி செய்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் வரை போனோம். புல்வெளி, ஏரி, சாரல். செந்தில் இறங்கி நடந்தான். நான் வண்டிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் பூம்பாறைக்குத் திரும்பியபோது முப்பத்தொன்று.

வீட்டுக்காரர் முருகேசன், பூண்டு விவசாயி. வாசலிலேயே நின்றார்.

"மரம் லைன் மேல சாஞ்சு கெடக்குங்க. காலையில போன கரண்ட்டு. வெரசா வந்துரும்னு சொல்றாங்க, பாப்போம்."

நான் திரும்பி எண்ணைப் பார்த்தேன். செந்தில் சிரித்தான். "அக்கா, இங்கேயிருந்து கொடைக்கானல் போகப் பத்து, பன்னிரண்டு ஆகும். அப்புறம் கீழ வரைக்கும் இறக்கம். இறக்கத்துல பேட்டரி தானா ஏறும். முப்பத்தொண்ணு தாராளம்." கணக்கு சரிதான். சரியான கணக்கை நம்ப முடியாமல் இருப்பது எவ்வளவு தொல்லை என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

முருகேசனின் மனைவி செல்வி கட்டங்காப்பி கொடுத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வார்த்தை பேசிவிட்டு நின்று மூச்சு வாங்கினார். "மழ வந்தா இப்பிடித்தாங்கா" என்றார். அவர்களுக்கு நார்வே கதை சொல்லிக்கொண்டிருந்தான் செந்தில். மலையில் பெய்யும் மழை அருவியாக இறங்கும், அதில்தான் அந்த நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி வருகிறது என்றான்.

முருகேசன் குறுக்கிட்டார். "அங்க மழ பேஞ்சா கரண்ட்டு வருதா? இங்க மழ பேஞ்சாத்தான் கரண்ட்டு போகுது." செல்வி சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

எங்கள் வண்டியின் பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்க ஓர் அடாப்டர் உண்டு. சார்ஜ் போடும் வாயில் அதைச் சொருகினால் சாதாரண ப்ளக் மாதிரி எதையும் ஓட்டலாம். செந்தில் அதை எடுத்து முருகேசனின் போனுக்குச் சார்ஜ் போட்டான். அவ்வளவுதான், தெருவுக்கே செய்தி போய்விட்டது. ஆளுக்கொரு போனோடு வந்தார்கள். ஒரு பெண்மணி மிக்சியையே தூக்கிக்கொண்டு வந்தார். "சட்னிக்கு மட்டுந்தாங்க." செந்தில் எல்லோருக்கும் சரி என்றான். ஒரு போனுக்கு ஆகும் மின்சாரத்தில் இந்த வண்டி நூறு மீட்டர்கூட நகராது என்று எனக்கு விளக்கினான். நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே எட்டு தடவை வண்டிக்குள் போய் எண்ணைப் பார்த்தேன்.

மாலை ஐந்தரை இருக்கும். உள்ளேயிருந்து முருகேசன் ஓடி வந்தார். "சார், அவளுக்கு மூச்சு முட்டுது. மெஷின் இருக்கு, கரண்ட்டு இல்ல. உங்க வண்டியில ஓடுமா?"

அவர் கையில் இருந்தது நெபுலைசர், மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக மூச்சில் ஏற்றும் சின்ன இயந்திரம். போன வருடம் டாக்டர் வாங்கி வைக்கச் சொன்னதாம். செல்வியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வண்டிக்குள் உட்கார வைத்தோம். போன்களையெல்லாம் பிடுங்கிவிட்டு இயந்திரத்தைப் போட்டான் செந்தில். அது உறும ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. கழுத்துக்குழி உள்ளே இழுத்து இழுத்து விட்டது. உதடு வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்" என்றேன். முருகேசனின் ஜீப் கொடைக்கானலில் பட்டறையில் கிடந்தது. 108-க்குப் போட்டால் டவர் இல்லை. இருபது கிலோமீட்டர், ஏற்றம், மழை. அப்போது எண் முப்பது. முதல் தடவையாக நான் அதைப் பார்த்துவிட்டு யோசிக்காமல் சாவியை எடுத்தேன். ஓட்டியது நான்தான். செந்திலுக்குப் பதினொரு வருடமாகச் சாலையின் வலது பக்கம் ஓட்டித்தான் பழக்கம்.

ஏழு கிலோமீட்டர் போயிருப்போம். வளைவு திரும்பியதும் ஒரு பஸ் நின்றது. அதற்கு முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு மரம் விழுந்து கிடந்தது. கண்டக்டரும் பயணிகளில் சிலரும் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முருகேசன் இறங்கி ஓடினார்.

பின்சீட்டில் செல்வி என் பக்கம் கை நீட்டினார். மறுபடி மூச்சு முட்டியது, பேச்சு வரவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார், அவ்வளவுதான்.

செந்தில் மழையில் குதித்தான். அடாப்டரைச் சொருகி, வயரை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே விட்டு, தண்ணீர் படாமல் சார்ஜ் வாயின் மேல் குடையைப் பிடித்தபடி நின்றான். நான் பின்னால் போய், முருகேசன் எடுத்து வந்திருந்த மருந்தில் இரண்டாவது டோஸை ஊற்றி முகமூடியைப் பிடித்தேன். வண்டியில் சத்தமில்லை, புகையில்லை. அந்தச் சின்ன இயந்திரத்தின் உறுமலும், வெளியே அரிவாள் விழும் சத்தமும் மட்டும்தான். "மெதுவா விடுங்க, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா, தெரியவில்லை. என் கையை அவர் நகம் பதியப் பிடித்திருந்தார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். முகமூடியைப் பார்த்ததும் திரும்பிக் கத்தினார். "ஏலே, வெட்டுனது போதும், எல்லாரும் வாங்க! உள்ள ஒரு பொம்பளப் பிள்ளைக்கு மூச்சு முட்டிக்கெடக்கு. கார் போற அளவுக்குத் தள்ளுனாப் போதும்!" பஸ்ஸிலிருந்து பெண்களும் இறங்கினார்கள். பள்ளத்துப் பக்கம் மரத்தை இழுத்தார்கள். ஒரு சக்கரம் மண்ணில், ஒரு சக்கரம் தாரில் என்று நான் வண்டியை அந்த இடைவெளியில் நுழைத்தேன். பக்கவாட்டில் கிளை உரசிய கோடு இன்னும் இருக்கிறது. பாலிஷ் போடச் சொல்லி யாரும் யோசனை எழுத வேண்டாம், அது இருக்கட்டும்.

அரசு மருத்துவமனையில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஏழரைக்கு டாக்டர் வெளியே வந்து, "வர்ற வழியில மருந்து போனது நல்லதாப் போச்சு. ராத்திரி இங்கயே இருக்கட்டும்" என்றார். முருகேசன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செந்திலின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அன்று அதன்பிறகு நார்வேயைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்று இரவு கொடைக்கானலிலேயே ஒரு அறை எடுத்தோம். காருக்கெல்லாம் கரண்ட் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையில் வெள்ளனே எழுந்து செல்வியைப் பார்த்தோம். எழுந்து உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினேழு சதவீதத்தோடு மலை இறங்க ஆரம்பித்தோம். பெருமாள்மலை தாண்டியதும் எண் பதினெட்டானது. பிறகு பத்தொன்பது. கீழே சமதளம் வந்தபோது இருபத்தொன்று. ஏற்றத்தில் நான் இழந்ததாக நினைத்ததில் கொஞ்சத்தை மலை திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தது. செந்தில் "சொன்னேன்ல" என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "அவங்களுக்கு இந்தக் கார் வேண்டாம்க்கா. மெஷினை ஓட்ட ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தாப் போதும்" என்றான்.

இரண்டு நாள் மதுரையில் கடை கடையாக அலைந்து ஒன்றை வாங்கினான். கையில் தூக்கும் அளவுதான். கரண்ட் இருக்கும்போது ஏற்றி வைத்துக்கொள்ளலாம், சின்ன சோலார் பலகையிலும் ஏற்றலாம். விடுமுறையில் ஒரு நாளைச் செலவழித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பூம்பாறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏறும். வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ நன்றாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஏற்றத்துக்கு நாற்பது சதவீதம் ஒதுக்குங்கள். மேலே சார்ஜர் இருப்பதாகச் செயலியில் தெரிந்தால் போன் போட்டு, இன்றைக்கு வேலை செய்கிறதா என்று கேளுங்கள். கொடைக்கானலைத் தாண்டி உள்ளே போவதென்றால் கரண்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், குறிப்பாக மழைக்காலத்தில். அடுக்கம் வழி இறங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாதை குறுகல், மழையில் வேண்டாம். வெளியே மின்சாரம் எடுக்கும் அடாப்டர் உங்கள் வண்டிக்கு உண்டென்றால் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கூடவே ஒரு குடையும் அரிவாளும். பயம் போகுமா என்று கேட்டால், எனக்குப் போகவில்லை. இப்போதும் எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது செல்வி கூப்பிட்டார். பூண்டு விலையில் ஆரம்பித்து, நாத்தனார் கல்யாணம், மிக்சிக்கார அம்மாவின் சண்டை என்று அரைமணி நேரம் ஒரு தடவைகூட நின்று மூச்சு வாங்காமல் பேசினார். கடைசியில்தான் சொன்னார்.

"நேத்துலேர்ந்து இங்க ஒரே மழக்கா. கரண்ட்டே இல்ல."